அனிமேஷன் இசைப்படத்தின் இரண்டாம் பாகம்: குழந்தையைத் தியேட்டருக்குக் கூட்டிப் போகும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாட்டாலேயே கதை நகரும் அனிமேஷன் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்றால், வீட்டில் ஒரு குழந்தை நாள் எண்ணத் தொடங்கிவிடும். முதல் பாகத்தின் பாட்டெல்லாம் அதற்கு மனப்பாடமாக இருக்கும். கூட்டிப் போகிறவருக்கோ வேறு கவலை: உட்காருமா, பயப்படுமா, பாதியில் எழுந்து வர வேண்டியிருக்குமா? மற்ற பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 2019இல் வந்த ‘ஃப்ரோஸன் 2’, 2024இல் வந்த ‘மோவானா 2’ ஆகியவற்றிலிருந்து. கதைத் திருப்பங்களும் வெளிப்படும். கூட்டிப் போகும் பெரியவர் அவற்றைத் தெரிந்துகொண்டு போவதே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எத்தனை வயதிலிருந்து கூட்டிப் போகலாம்?

ஒன்றரை வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு வீடியோ அழைப்பு தவிர வேறு திரையே வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. அதற்கு மேல், பிறந்த தேதியைவிடப் பழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு முழுப் படத்தை, நடுவில் நிறுத்தாமல் பார்க்க முடிகிறதா? முடிந்தால் தியேட்டருக்கும் தயார். ‘மோவானா 2’ சுமார் 100 நிமிடம், ‘ஃப்ரோஸன் 2’ 103 நிமிடம். விளம்பரமும் ட்ரெய்லரும் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். நான்கைந்து வயதில் பல குழந்தைகளுக்கு இது கைகூடும். மூன்று வயதில் சில குழந்தைகளுக்கு முடியும். ஆறு வயதிலும் இருட்டுப் பிடிக்காத குழந்தைகள் உண்டு, அதில் குறையொன்றும் இல்லை.

முதல் பாகத்தைப் பார்க்காமல் நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகலாமா?

பெரியவர்கள் போகலாம். குழந்தையை அப்படிக் கூட்டிப் போக வேண்டாம்.

இரண்டாம் பாகத்தில் குழந்தைக்குக் கிடைக்கும் முதல் சந்தோஷம், தெரிந்தவர்களை மறுபடி பார்ப்பது. ‘ஃப்ரோஸன்’ வந்தது 2013இல், அடுத்தது ஆறு ஆண்டு கழித்து. ‘மோவானா’ வந்தது 2016இல், அடுத்ததற்கு எட்டு ஆண்டு ஆனது. இரண்டாம் பாகத்துக்கு டிக்கெட் எடுக்கும் குழந்தைகளில் பலர் முதல் பாகம் வந்தபோது பிறக்கவே இல்லை. அவர்களுக்கு அந்தக் கதை வீட்டுச் சொத்து மாதிரி. டிவியில் எத்தனையோ முறை பார்த்தது. ‘ஃப்ரோஸன் 2’இல் ஓலாஃப் என்ற பனிமனிதன், முதல் பாகத்தின் மொத்தக் கதையையும் ஒற்றை ஆளாக அவசர அவசரமாக நடித்துக் காட்டுவான். முதல் பாகம் தெரிந்த குழந்தை அங்கே விழுந்து விழுந்து சிரிக்கும். தெரியாத குழந்தை, “ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?” என்று உங்கள் முகத்தைப் பார்க்கும்.

போவதற்குச் சில நாள் முன்னால் முதல் பாகத்தை மறுபடி போட்டுவிடுங்கள். முந்தின இரவு வேண்டாம், இரண்டும் குழைந்துவிடும்.

புதுப் பாட்டுகளை முன்கூட்டியே கேட்க வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் வேண்டாம்.

இந்த வகைப் படங்களில் பாட்டுகளுக்கு ஒரு வைப்பு முறை உண்டு. கதை தொடங்கிச் சற்று நேரத்திலேயே நாயகி தன் மனதில் உள்ள ஏக்கத்தைப் பாடுவாள். எங்கே போக வேண்டும், என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு பாட்டில் வந்துவிடும். மேடை இசைநாடகங்களில் ஊறிய இந்த முறையை பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மனும் இசையமைப்பாளர் ஆலன் மென்கனும் 1989இல் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ வழியாக டிஸ்னி அனிமேஷனில் வேரூன்ற வைத்தார்கள். இன்றுவரை அதே தடம்தான். கடைசிப் பகுதியில் இன்னொரு பெரிய பாட்டு வரும். முடிச்சு அதில்தான் அவிழும்.

ஏக்கப் பாட்டைத் தாராளமாக முன்பே கேட்க வையுங்கள். முடிச்சு அவிழும் பாட்டை மட்டும் தியேட்டருக்கென்று விட்டுவையுங்கள். ‘ஃப்ரோஸன் 2’இல் ‘இன்டு தி அன்நோன்’ முதல் வகை: எல்சாவை ஒரு குரல் அழைக்கிறது, போகலாமா வேண்டாமா என்று அவள் தத்தளிக்கிறாள். ‘ஷோ யுவர்செல்ஃப்’ இரண்டாம் வகை: அழைத்த குரல் யாருடையது என்ற பதிலே அதில்தான் இருக்கிறது. அதை முன்பே நூறு தரம் கேட்டுவிட்டுப் போன குழந்தைக்கு, அந்தப் பனிக்கட்டி மண்டபத்தில் கிடைக்க வேண்டிய சிலிர்ப்பு பாதியாகிவிடும்.

தெரிந்த பாட்டு ஒன்று வந்ததும் குழந்தையின் முதுகு நிமிரும். அதுவரை நெளிந்துகொண்டிருந்த உடம்பு அடங்கும். படத்துக்குள் நுழையக் குழந்தைக்கு வழி பாட்டுதான். வசனமும் சதித்திட்டமும் பாதி புரியாமல் போனாலும், பாட்டு பிடித்துவிட்டால் படமும் பிடித்துவிடும்.

தமிழ் டப்பிங்கில் பார்ப்பதா, ஆங்கிலத்திலா?

குழந்தை எந்த மொழியில் கனவு காண்கிறதோ அந்த மொழியில். வீட்டில் தமிழ் பேசும் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆங்கில வசனத்தின் வேகம் பிடிபடாது, சப்டைட்டிலும் படிக்க வராது. காதோரம் நீங்கள் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க நேரும். உங்களுக்கும் படம் போகும், குழந்தைக்கும் போகும்.

டப்பிங் பாட்டு என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அந்த வேலையின் கடினம் தெரிந்தால் சுளிக்க மாட்டார்கள். பாத்திரத்தின் வாயசைவு ஆங்கிலப் பாட்டுக்கென்று வரையப்பட்டுவிட்டது. மெட்டும் மாறாது, அசைக்கணக்கும் மாறாது. உதடு மூடும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து விழ வேண்டும். வாய் அகலத் திறந்து இழுக்கும் இடத்தில் ஆகாரம் வந்தால்தான் பொருந்தும். உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகம் நம் பழம்புலவர்களுக்குத் தாமே விதித்துக்கொண்ட பந்தயம். டப்பிங் பாடலாசிரியருக்கோ அப்படிப்பட்ட நிபந்தனை ஒவ்வொரு வரியிலும் வேறொருவர் விதித்ததாக வருகிறது, பொருளும் கெடக்கூடாது. ‘ஃப்ரோஸன் 2’ தமிழ்ப் பதிப்பில் எல்சாவுக்குப் பேசியதும் பாடியதும் ஸ்ருதி ஹாசன்.

ஒரு விலக்கு உண்டு. முதல் பாகத்தின் பாட்டெல்லாம் குழந்தைக்கு ஆங்கிலத்திலேயே பாடமாகிவிட்டதென்றால், எந்த மொழிக் காட்சி வேண்டும் என்று அதையே கேட்டுவிடுங்கள். தெரிந்த குரல் மாறிப்போனால் சில குழந்தைகளுக்குப் பெரிய ஏமாற்றம்.

பயப்படுமோ என்று தயக்கமாக இருக்கிறது. கதையை முன்பே சொல்லிவிடலாமா?

சொல்லுங்கள். முழுக்கதை தேவையில்லை, பயம் வரும் இடத்தை மட்டும் சொன்னால் போதும்.

இரண்டாம் பாகங்கள் பொதுவாக முதல் பாகத்தைவிட இருண்டவை. நாயகி வளர்ந்துவிட்டாள், பயணம் நீண்டுவிட்டது, இழப்பும் கூடுகிறது. ‘மோவானா 2’இல் மின்னல் தாக்கி மோவானா கடலுக்குள் உயிரற்றுக் கிடக்கும் ஒரு கட்டம் உண்டு. ‘ஃப்ரோஸன் 2’இல் எல்சா உறைந்துபோவாள். அதனால் ஓலாஃபும் எல்சாவின் தங்கை அன்னாவின் கையிலேயே துகள் துகளாகக் கரைந்து காற்றில் போய்விடுவான். அதன் பிறகு அன்னா குகைக்குள் தனியாக அழுதபடி பாடுவாள். பெரியவர்களே தொண்டை அடைத்து உட்காரும் இடம் அது.

நான் என் மகளிடம் இப்படிச் சொல்லிவைத்தேன்: “நடுவுல ஓலாஃப் காணாமப் போயிடுவான். ரொம்ப அழுகையா வரும். ஆனா கடைசியில திரும்ப வந்துடுவான். அது வரைக்கும் நான் கையைப் பிடிச்சுக்கறேன்.” அந்தக் கட்டம் வந்ததும் அவளே கையை நீட்டினாள். அழுகையும் வந்தது, ஆனால் பதறிய அழுகை இல்லை. திருப்பம் கெட்டுப்போகிறதே என்று வருந்த வேண்டாம். திருப்பத்தை ரசிக்கும் வயது பின்னால் வரும். சின்னக் குழந்தைக்கு முதலில் வேண்டியது, பக்கத்தில் இருப்பவருக்கு வழி தெரியும் என்ற நம்பிக்கை.

“இதுக்கெல்லாமா அழுவாங்க? பொம்மைதானே!” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பொம்மையோடு பல மாதம் தூங்கிய குழந்தை அது.

சத்தம் காதைக் கெடுக்குமா?

தியேட்டரின் ஒலியமைப்பைச் சரிபார்க்கும்போது திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியையும் 85 டெசிபல் அளவுக்கு வைத்துச் சோதிப்பது தொழில்முறை வழக்கம். அதற்கு மேல் 20 டெசிபல் வரை உயர இடம் விட்டிருப்பார்கள். அதாவது ஒரு ஒலிபெருக்கி மட்டுமே கணநேரத்துக்கு 105 டெசிபலைத் தொடலாம். படம் முழுக்க அப்படி இருக்காது. வசனம் அதற்கு வெகு கீழே. ஆனால் புயல், இடி, பூதம், பாட்டின் உச்சம் ஆகியவை வரும்போது சின்னக் காதுகளுக்குக் கூடுதல்தான்.

காதை முழுதும் மூடும், குழந்தைகளுக்கான சத்தத் தடுப்பான் ஒன்றை எடுத்துப் போங்கள். அதை முதல்முறையாகத் தியேட்டரில் மாட்டாமல், வீட்டில் சில நாள் மாட்டிப் பழக்குங்கள். சத்தத்துக்கும் இருட்டுக்கும் மிகவும் கலங்கும் குழந்தை என்றால், பல ஊர்களில் விளக்கை முழுதும் அணைக்காமல், ஒலியைக் குறைத்து, குழந்தைகள் எழுந்து நடமாட அனுமதிக்கும் தனிக் காட்சிகள் நடக்கின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தைகளை மனதில் வைத்துத் தொடங்கியவை அவை. அப்படிப்பட்ட காட்சி உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும்.

எந்த இருக்கை? 3டி எடுக்கலாமா?

நடுவிலிருந்து சற்றுப் பின்வரிசை, நடைபாதை ஓரம். பின்வரிசையில் திரை முழுதும் கண்ணுக்குள் அடங்கும். ஓரத்தில் இருந்தால் அவசரத்துக்கு யார் காலையும் மிதிக்காமல் வெளியேறலாம். உயரம் கூட்டும் மெத்தை இருக்கை கொடுக்கிறார்களா என்று நுழையும்போதே கேளுங்கள்.

3டி சின்னக் குழந்தைகளின் கண்ணைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்பதே கண் மருத்துவர்களின் நிலைப்பாடு. தொல்லை வேறு இடத்தில். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும், கழற்றினால் படம் இரண்டிரண்டாகத் தெரியும், கண்ணாடி வழியாகப் பார்த்தால் நிறமும் மங்கும். முதல்முறைக்குச் சாதாரணத் திரையே போதும்.

குழந்தை எழுந்து நின்று ஆடுகிறது, சத்தமாகக் கூடப் பாடுகிறது. என்ன செய்வது?

முதலில், அது நல்ல செய்தி. பாட்டு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

சேர்ந்து பாடுவதற்கென்றே காட்சிகள் உண்டு. ‘ஃப்ரோஸன்’ முதல் பாகத்துக்கு 2014 ஜனவரி இறுதியில், பாட்டு வரிகள் திரையில் ஓடும் பதிப்பை அமெரிக்கத் தியேட்டர்களில் தனியாக வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட காட்சியில் தொண்டை கிழியப் பாடலாம். மற்ற காட்சிகளில் பக்கத்து இருக்கைக்காரர் டிக்கெட் எடுத்தது திரையில் பாடுபவரைக் கேட்கத்தான். அதையும் மதிக்க வேண்டும். முணுமுணுப்பதும் உட்கார்ந்தபடி கையாட்டுவதும் சரி. மீறினால், வாயைப் பொத்தாமல் காதோரம், “உதட்டை மட்டும் அசைச்சுப் பாடு, சத்தம் வீட்டுக்குப் போனதும்” என்று சொல்லிப் பாருங்கள். கேட்கும் குழந்தைகள் நிறைய. கேட்கவில்லையென்றால், அந்தப் பாட்டு முடியும்வரை கதவோரம் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். அங்கிருந்தும் திரை தெரியும்.

பாதியில் “போலாம்” என்று அடம்பிடித்தால்?

போய்விடுங்கள். வெளியே கொஞ்ச நேரம் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், மறுபடி உள்ளே வருகிறாயா என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்கு. டிக்கெட் காசு வீணாகிறதே என்று உள்ளே பிடித்து உட்கார வைத்தால், தியேட்டர் என்றாலே வேண்டாம் என்று சொல்லும் குழந்தையை நாமே உருவாக்கிவிடுவோம்.

“அவங்க நெஜமாவே செத்துட்டாங்களா?” என்று படத்தின் நடுவில் கேட்டால்?

“ஆமாம், ஆனா திரும்ப வரப்போறாங்க, பாரு” என்று சின்னதாக, உண்மையாகச் சொல்லுங்கள். “இல்லை, தூங்குறாங்க” என்று மழுப்ப வேண்டாம்; அப்புறம் தூக்கத்தைக் கண்டே பயம் வரும். விரிவான பேச்சு வீட்டில். அங்கே குழந்தை அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் வேறு ஒருவரைப் பற்றியதாக இருக்கும்: “தாத்தாவும் அப்படித் திரும்ப வருவாரா?” கதையில் வருவார்கள், நிஜத்தில் வருவதில்லை, ஆனால் நாம் நினைத்துக்கொண்டே இருக்கலாம் என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். இந்தப் பேச்சுக்கு ஒரு பாட்டுப் படம் இடம் கொடுக்கிறது என்பதே, அந்தப் படத்தைச் சேர்ந்து பார்க்க எனக்குப் போதுமான காரணம்.

அக்காவும் தங்கையும் கடைசியில் ஏன் பிரிந்துவிட்டார்கள் என்று கேட்டு அழுகிறாள்.

‘ஃப்ரோஸன் 2’ முடிவில் எல்சா மாயக் காட்டிலேயே தங்கிவிடுகிறாள். அன்னா அரண்டேல் நாட்டுக்கு அரசியாகிறாள். முதல் பாகம் முழுக்கக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த அக்கா தங்கை ஒன்றுசேர்ந்த கதை. இரண்டாம் பாகம் அவர்களை மறுபடி இரண்டு இடத்தில் விடுகிறது. குழந்தைக்கு இது துரோகமாகத் தெரிவதில் நியாயம் இருக்கிறது. ‘மோவானா 2’இலும் அப்படியொரு வலி உண்டு: தன் குட்டித் தங்கை சிமியாவைக் கரையில் விட்டுவிட்டு மோவானா கடலுக்குப் போகிறாள்.

முன்பு மூடிய கதவு, இப்போது திறந்த வழி என்பதைக் காட்டிக்கொடுங்கள். கடிதம் போகிறது, ஒருவரையொருவர் பார்க்க வருகிறார்கள், யாரும் யாரையும் ஒளித்துவைக்கவில்லை. “சித்தி வேற ஊர்ல இருக்காங்க, ஆனா உங்க அம்மாவோட தினமும் பேசறாங்கல்ல?” என்று குழந்தைக்குத் தெரிந்த ஒரு உறவை எடுத்துச் சொன்னால் பிடிபடும். பிடிபடாமல் இன்னும் அழுதால், அழட்டும். எல்லா வருத்தத்துக்கும் உடனே மருந்து போட்டாக வேண்டியதில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் என்ன பேசலாம்?

“கதையைச் சொல்லு பார்ப்போம்”, “இதிலிருந்து என்ன கத்துக்கிட்ட?” ஆகிய இரண்டையும் தவிர எதையும் பேசலாம். அவை பரீட்சைக் கேள்விகள். “உனக்கு எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது? எனக்கு அந்த நீர்க்குதிரை வந்த இடம்” என்று உங்களுடையதை முதலில் சொல்லுங்கள். குழந்தை, கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பல்லியைப் பற்றி வீடு வரும்வரை பேசினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அது பார்த்த படம் அதுதான்.

எனக்கு இரண்டாம் பாகம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லலாமா?

குழந்தை தூங்கிய பிறகு. உங்கள் ஏமாற்றத்துக்குக் காரணம் இருக்கலாம். ‘மோவானா’ முதல் பாகத்தின் பாட்டுகளில் லின்-மேனுவல் மிராண்டாவின் பங்கு பெரிது. இரண்டாம் பாகத்தில் அவர் இல்லை, அபிகெய்ல் பார்லோவும் எமிலி பேரும் பாட்டு எழுதினார்கள். படமே முதலில் ஓடிடி தொடராகத் திட்டமிடப்பட்டுப் பிறகு தியேட்டருக்கு மாற்றப்பட்டது. கதையில் துண்டு துண்டாகத் தெரியும் இடங்கள் அந்தப் பிறப்பின் தழும்பு என்று நான் நினைக்கிறேன். பெரியவர்கள் கூடி அலச இதெல்லாம் நல்ல விஷயம். கண் மின்ன வெளியே வரும் குழந்தையின் முன் அலச வேண்டாம். அதற்கு ஒப்பிடத் தோன்றாது. பிடித்தவர்கள் திரும்ப வந்தார்கள், புதிதாகப் பாடினார்கள், அவ்வளவு போதும்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கிளம்பலாமா?

இருங்கள். ‘மோவானா 2’இல் பெயர்களின் நடுவே ஒரு காட்சி வருகிறது. ‘ஃப்ரோஸன் 2’இல் எல்லாம் முடிந்த பின் ஓலாஃப் மறுபடி வந்து, நடந்த கதையைத் தன் பாணியில் சொல்கிறான். அவன் பிழைத்ததை இன்னொரு தரம் கண்ணால் பார்ப்பது, அழுத குழந்தைக்குப் பெரிய ஆறுதல்.

மூத்தவனுக்குப் பதினொன்று, இளையவளுக்கு ஐந்து. இருவரையும் சேர்த்துக் கூட்டிப் போகலாமா?

போகலாம். பெரியவனுக்குச் சின்னவளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுக்காதீர்கள். அவனும் படம் பார்க்கத்தான் வந்திருக்கிறான். நீங்கள் நடுவில் உட்காருங்கள். “இதெல்லாம் சின்னப் பசங்க படம்” என்று முறுக்கிக்கொள்ளும் வயது அது. அவன் முதல் பாகப் பாட்டை முணுமுணுத்தால் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். ‘ஃப்ரோஸன் 2’ போன்ற கதையில் பெரிய பிள்ளைக்கு வேறொன்று கிடைக்கும்: தாத்தா கட்டிய அணை ஒரு மக்களுக்குச் செய்த வஞ்சனை, அதைப் பேத்திதான் உடைக்க வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் செய்ததும் தவறாக இருக்கலாம் என்ற எண்ணத்தை அந்த வயதில் தாராளமாகப் பேசலாம்.

மறுநாளே “இன்னொரு தரம் போலாம்” என்கிறது. போகலாமா?

கையில் வசதி இருந்தால் போகலாம். ஒரே படத்தை மறுபடி கேட்பது பிடிவாதம் இல்லை, குழந்தைகள் புரிந்துகொள்ளும் விதமே அது. ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியை ஒரு வாரத்தில் ஐந்து நாளும் ஒரே பகுதியாக ஒளிபரப்பினார்கள். அதை ஆராய்ந்தபோது, திரும்பத் திரும்பப் பார்த்த மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் புரிதல் கூடியது. திரையைப் பார்த்துப் பதில் சொல்வதும் சேர்ந்து செய்வதும் கூடியது. முதல்முறை பயத்தில் தவறவிட்டதை இரண்டாம் முறை கண் திறந்து பார்க்கும், வசனத்தை முந்திக்கொண்டு சொல்லும், நீங்கள் முன்பு சொன்ன “அவன் திரும்ப வந்துடுவான்” என்பதை இம்முறை உங்களுக்குச் சொல்லும். தியேட்டருக்கு மறுபடி போக வழியில்லை என்றால், படம் வீட்டுத் திரைக்கு வரும்வரை பாட்டுகளைப் போட்டுவிடுங்கள். நடுக்கூடத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தால், வசனம் உட்பட மீதியை அதுவே நடித்துக்கொள்ளும். உங்களுக்கும் ஒரு வேடம் வரும், மறுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.